ஆட்டுக்கு வசனம் இல்லை

எனக்குக் கிடைத்தது ஆடு வேஷம்.
மூன்று காட்சி, ஒரே வசனம்.
அதையும் "கொஞ்சம் சோகமாக் கத்து" என்றாள்
இயக்குநர் ஜெசிந்தா, பதினொன்றாம் வகுப்பு, பி பிரிவு.

கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவன் கதை.
துணைப்பாடத்தில் ஏழு பக்கம்.
எந்தக் கடல் என்று நினைவில் நிற்கவில்லை.
கடலூர் முதுநகரில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்,
அதையே வைத்துக்கொண்டோம்.

கடலைத் தார்ப்பாயில் செய்தோம்.
தானே புயலுக்குக் கொடுத்த நீலத் தார்ப்பாய்கள்,
நாலு வீட்டுக் கூரையிலிருந்து இறங்கியவை.
அலை அடிக்கும்போது
ஓட்டை வழியே தெய்வானையின் விரல் தெரியும்.
தீவு, மணல் கட்டிய இருபத்திரண்டு உரச்சாக்கு.
உச்சியில் ஒரு தென்னங்கன்று, தொட்டியோடு,
தலைமையாசிரியர் அறையிலிருந்து இரவல்.

ஒதுங்கியவன் பூவரசன், சோதிக்குப்பம்.
பேச வராது, நீந்த வரும் என்று எடுத்தாள்.
மேடையில் நீந்த ஒன்றுமில்லை என்பதை
பிறகுதான் யோசித்தோம்.

முதல் ஒத்திகையிலேயே தகராறு.
கரையேறியதும் முழங்காலிட்டு
வானத்தைப் பார்த்து அலற வேண்டும்.
அவன் அலறவில்லை.
சட்டையைக் கழற்றினான், பிழிந்தான்,
தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.
"டயலாக் எங்கடா?"
"தொண்டை காஞ்சிருக்கும்" என்றான்.
"எங்கப்பா பதினோரு நாள் கெடந்துட்டு வந்தாரு, எஞ்சின் நின்னு.
வந்து பேசவேயில்ல.
டம்ளர ரெண்டு கையால புடிச்சிக்கிட்டாரு."

ஜெசிந்தா நோட்டில் நிறைய அடித்தாள்.
மரத்தில் கோடு கிழித்து நாள் எண்ணும் காட்சியும் போயிற்று.
"நாள யாரு எண்ணுவா? தண்ணியத்தான் எண்ணுவாங்க,
எத்தன மூடி இருக்குன்னு."
கேனின் சிவப்பு மூடியில்
அவன் காற்றை ஊற்றிக் குடித்தான்.
அடுத்த மூடியை எனக்கு நீட்டினான், ஆட்டுக்கு.
குடித்தேன்.
ஆட்டைப் பார்த்து எப்போதும் சிரிக்கும் கூட்டம்
அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை ஆண்டுவிழா.
வியாழன் மத்தியானம் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
வெள்ளி காலை அது ஐந்தாகியது.
விழா ரத்து, பள்ளிக்கூடம் முகாம்.
பாயும் பிள்ளையும் ஸ்டவ்வும் ரேஷன் கார்டுமாக
சோதிக்குப்பம் வந்து இறங்கியது
எங்கள் மேடைக்கு முன்னால்.

முதலில் போனது தீவு.
கேட்டுக்குள் தண்ணீர் ஏறுதென்று வாட்ச்மேன் கத்த
இருபத்திரண்டு சாக்கையும் தோளில் கொண்டுபோய் அடுக்கினோம்.
பிறகு கடல்.
ஆறாம் வகுப்பின் ஓடு பறந்துவிட்டது,
உள்ளே ஒரு கைக்குழந்தை.
நாலு பேர் ஆட்டிய கடலை
நாலு பேர் இழுத்துக் கூரையில் கட்டினார்கள்.
தென்னங்கன்றை யாரும் தொடவில்லை,
தானே விழுந்தது.

கரண்ட் இல்லை. எட்டு மணிக்கு உப்புமா.
பத்து மணி இருக்கும், ஒரு பொடியன்
என் இடுப்பில் இன்னும் தொங்கிய சணல் வாலைப் பிடித்து
"நீ என்னாக்கா?" என்றான்.
"ஆடு."
"எங்க, கத்து."

கத்தினேன். சோகமாக இல்லை.
அப்படித்தான் தொடங்கியது நாடகம்.

தீவு கேட்டருகே, கடல் கூரைமேல்,
மீதிக் கடல் வெளியே முட்டிக்கொண்டு.
இரண்டு டார்ச்சுக்கு நடுவில் வந்தான் பூவரசன்.
சட்டையைப் பிழிந்தான், நிஜமாகவே சொட்டியது.
"தலையத் தொவட்டுடா மொதல்ல" என்று
பெண்கள் பக்கமிருந்து ஒரு துண்டு பறந்து வந்தது.
அதையும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டான்.

மூடிக் காட்சி.
காற்றை ஊற்றினான்.
சுவரில் சாய்ந்திருந்த அவன் அப்பா சொன்னார்,
"நெறைய ஊத்துற. பாதி மூடி."

அவன் நின்றான்.
பாதியைத் திரும்பக் கேனில் ஊற்றினான்,
சிந்தாமல்.
மிச்சத்தில் எனக்கும் கொடுத்தான்.

கடைசியில் கப்பல் வர வேண்டும்.
அட்டைக் கப்பல் ஸ்டோர் ரூமில் ஊறிக் கூழாகிக் கிடந்தது.
"முடிச்சிடு, முடிச்சிடு" என்றாள் ஜெசிந்தா இருட்டிலிருந்து.
அவன் முடிக்கவில்லை,
கப்பல் வரவேண்டிய பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.
மழை கொஞ்சம் விட்டது, மறுபடி பிடித்தது.
பாதிப் பேர் தூங்கிப்போனார்கள்.
பொடியன் மட்டும் வாலை விடாமல்
"அப்புறம்?" என்றான்.

நான் ஆடு.
அதற்கு எனக்கு வசனம் இல்லை.