பாக்கி நாற்பது பென்ஸ்

ஒன்பது நாள், இருநூற்றுப் பத்து பவுண்டு.
அதற்குமேல் ஒரு பென்னி கிடையாது என்று
பிஸ்கட் டப்பா மூடியில் எழுதி ஒட்டியவள் நான்.
டென்சில் தலையாட்டினான்.
கிடங்கில் வேலை போனதிலிருந்து
எதற்கும் தலையாட்டத்தான் செய்கிறான்.

கூடாரம் தர்மக் கடையில் வாங்கியது, பதினோரு பவுண்டு.
பையின் மேல் யாரோ மார்க்கரில்
'ப்ரையர்லி குடும்பம். தொடாதே' என்று எழுதியிருந்தார்கள்.
தொட்டோம். உள்ளே படுத்தோம்.
இரண்டாம் இரவு ஷ்ராப்ஷயர் மழை
தலைமாட்டில் ஒரு தையலைக் கண்டுபிடித்தது.
தேநீர்க் குவளையில் சொட்டு விழும் சத்தத்தை
விடியும்வரை கேட்டுக்கொண்டு கிடந்ததில்
ப்ரையர்லிகள் ஏன் விற்றார்கள் என்று புரிந்தது.

கடைக்குள் சரியாக ஏழு மணிக்குப் போக வேண்டும்.
ஆறே முக்காலுக்கு எல்லாம் முழு விலை,
ஏழேகாலுக்கு அலமாரி காலி.
மஞ்சள் சீட்டு ஒட்டும் பையனின் பின்னால்
ரொட்டியைப் பார்க்காததுபோல் நிற்க
ஒரு முகம் வேண்டும்.
எனக்கு வாய்த்திருக்கிறது.
டென்சில் வெளியே நின்று
பேருந்து அட்டவணையைப் படிப்பான்,
மறுநாள் பரீட்சை இருப்பதுபோல.

தேவாலயங்களுக்குக் கட்டணம் இல்லை.
எழுநூறு வருஷத்துக் கல், ஈரக் கம்பளி வாசனை,
மண்டியிட யாரோ பூத்தையல் போட்டுவைத்த மெத்தைகள்:
ஒன்றில் ஆந்தை, ஒன்றில் டிராக்டர்.
கதவோரம் உண்டியல். இப்போது அதற்கும்
அட்டை தொடும் இயந்திரம் வைத்துவிட்டார்கள்,
'மூன்று பவுண்டு' என்று பச்சையாக ஒளிர்கிறது.
அதைத் தாண்டும்போது
குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்தோம்,
இருவருமே.

ஐந்தாம் நாள், வேலிப் புதர் இருபுறமும் உரசும் ஒரு சந்தில்
மேசை. மேலே முட்டை. பக்கத்தில் தகர டப்பா.
'ஆறு, ஒரு பவுண்டு நாற்பது. பெட்டியைத் திருப்பித் தரவும்.'
ஆள் இல்லை, கேமரா இல்லை. ஒரு வாத்து இருந்தது.
எங்களிடம் ஒற்றை ஒரு பவுண்டு நாணயமும்
உடைக்காத இருபது பவுண்டு நோட்டும்.
நாற்பது பென்ஸ்தானே, என்றேன்.
நாற்பது பென்ஸ்தானே, என்றான் அவனும்,
வேறு குரலில்.
சீட்டு கிழித்து 'பாக்கி வைத்திருக்கிறோம்' என்று எழுதி
டப்பாவுக்குள் போட்டான்.
அன்றிரவு உடைத்த கருவின் மஞ்சளைப் போல
நான் எந்த ஸ்டிக்கரிலும் பார்த்ததில்லை.

எட்டாம் நாள் காலை, இருபது மைல் தள்ளி வந்த பிறகு,
திரும்பிப் போகலாம் என்றான்.
பேருந்துக்கு ஆளுக்கு மூன்று பவுண்டு.
கால் பணத்துச் சுண்டைக்காய்க்கு
முக்கால் பணம் சுமைகூலியா என்று கத்தினேன்.
நிறுத்தத்தில் நின்ற கிழவர்
கேட்காததுபோல் வானத்தைப் பார்த்தார்.

"கடைசி நாள் வாசலில் என் பையைச் சோதித்தார்கள்,"
என்றான் டென்சில்.
"பதினாறு வருஷம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து
ரொட்டியைப் பிரித்து
நடுவே பார்த்தார்கள்."
இதை அவன் எனக்குச் சொன்னதில்லை.
"அந்த மேசையில் யாருமே இல்லை, பார்த்தாயா?"

நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.

போனால் மேசை இல்லை; மழை என்று உள்ளே எடுத்திருக்க வேண்டும்.
இரண்டு இருபது பென்ஸ் காசுகளைக்
கடிதத் துளை வழியே தள்ளினோம்.
உள்ளே விழுந்த சத்தத்துக்கு ஒரு நாய் குரைத்தது.
முட்டைப் பெட்டியை வாசற்படியில் வைத்தோம்.
திரும்பும் பேருந்து வியாழக்கிழமைதான்,
அன்று செவ்வாய்.

வயல்வழியே அடுத்த ஊருக்கு ஒன்பது மைல்.
வழியில் மூன்று முத்தக் கதவுகள்:
ஒருவர் நுழைந்து நின்றால்தான் அடுத்தவர் நுழைய முடியும்,
முன்னே போனவர் சுங்கமாக முத்தம் கேட்கலாம் என்பது வழக்கம்.
முதல் கதவை மௌனமாகப் பிடித்துக்கொண்டான்.
இரண்டாவதில் என் பை மாட்டிக்கொண்டது, சிரித்தான்.
மூன்றாவதில்தான் கேட்டான்.

இரவு, டார்ச் வெளிச்சத்தில் கணக்கு எழுதினேன்.
பேருந்து, ஆறு.
முட்டை, நாற்பது பென்ஸ், தீர்ந்தது.
டென்சில் நோட்டை வாங்கிப் பார்த்து
வாத்துக்குப் போட்ட
பாதி விலை ரொட்டியையும் சேர்க்கச் சொன்னான்.