தூசி உள்ளவை மட்டும்

வெலிமடைப் பக்கம், ஆகஸ்ட்.
கச்சான் மூச்சு வாங்க நிற்கிற நடுப்பகல்.
மேல்டிவிசன் வாலிபால் கோர்ட்டில்
வெறுங்கால் வைக்க முடியாது.

மண்ணை ஒட்டிய காற்று கொதித்து
மேலே போக ஓர் ஓட்டை தேடுகிறது.
கிடைத்ததும்
சுற்றியுள்ளது எல்லாம் முண்டியடித்து வர,
லேசாய் இருந்த திருப்பம்
ஒடுங்க ஒடுங்க வேகமாகிறது.
நடுவில் அழுத்தம் ஒரு சிட்டிகை குறைவு.
அதற்கே ஷாப்பிங் பை
கூரைக்கு மேலே.

சுண்ணாம்புக் கோட்டை அடிமட்டமாக்கி
நான் அகலம் சொல்வேன்,
யோகமலர் கோடு கிழிப்பாள்.
ஒரு மீட்டருக்குள்: எண்பத்தேழு.
இரண்டுக்குள்: முப்பத்தொன்று.
நாலுக்குள் பத்தோ பதினொன்றோ,
ஒன்றில் எங்களுக்குள் சண்டை.
கோர்ட் அகலத்துக்கு: ஒன்றே ஒன்று.
அன்றைக்குத்தான் வலை கிழிந்தது.

இடமா வலமா என்றும் குறித்தோம்.
பாதிக்குப் பாதி.
பூமி எந்தப் பக்கம் சுற்றினால் என்ன,
இந்தச் சின்னதுகளுக்கு அது எட்டுவதில்லை.

லயத்தில் பேய்க்காத்து என்பார்கள்.
பேய்க்கு இவ்வளவு ஒழுங்கு ஏது
என்பாள் யோகமலர்.

நேற்று மூன்று மீட்டர்க்காரன் ஒன்று
ரோட்டைத் தாண்டித்
தேயிலைக்குள் இறங்கியது.
அங்கே அள்ளத் தூசி இல்லை.
சட்டென்று காணோம்.
‘செத்துப்போச்சு, நேரத்தை எழுது’ என்றேன்.

அவள் எழுதவில்லை.
கொழுந்து நுனிகள்
வட்டமாய்த் திரும்பித் திரும்பி
ஏழாம் நம்பர் மலைக்கு
ஏறிக்கொண்டிருந்தன.

‘அப்படியென்றால் காலையிலிருந்து
எத்தனை போயிருக்கும்?’

கொப்பியில் அதற்குக் கட்டம் இல்லை.