நாற்பத்திரண்டாவது சாவு

விடிய நாலரைக்கு, பாசிக்குடா ஹோட்டல் வாசலில்
ஆர்க்ரைட்டை ஏற்றுவேன்.
முன்சீட்டில்தான் இருப்பார்.
பிளாஸ்க்கில் பிளேன்டி, மடியில் வசனத் தாள்,
வயது எழுபத்தொன்பது.
ஏறாவூர் தாண்டுமுன் முழுச் சீவியமும் சொல்லி முடிப்பார்:

பதினேழு வயதில், பிரபுக்களின் மழைக்கோட்டை
வாங்கி மாட்டுகிற, வசனமில்லாச் சேவகன்.
மறுகா மாலுமி, மறுகா பாதிரி,
மூன்று நீதவான், ஏழு கர்னல்.
ஒரேயொரு முறை ராசா. அதுவும்
இரண்டாம் அங்கத்தில் தலை போகிற ராசா.
"கதாநாயகன் முகமில்லை எனக்கு" என்றார்,
"செத்துக் கொடுக்கிற முகம்."
நாற்பத்தொரு முறை செத்திருந்தார்.
விரல் மடித்து எண்ணினார்:
நஞ்சு, குதிரை, ஈரல், மாடிப்படி...
இரண்டு மனைவியர் விட்டுப்போனதை
அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கல்லடிப் பழைய பாலத்தில் நாற்பத்திரண்டாவது.
தோட்டத்துரை வேஷம், கையில் குடை.
வெடி கேட்டதும் குடையை எறிந்து
நெஞ்சைப் பொத்தி வானம் பார்த்துச் சரியவேண்டும்.
நாலு தரம் சரிந்தார்.
டைரக்டர் பொடியன் கைதட்டினான்.
அவருக்குத்தான் பிடிக்கவில்லை.
வேனடிக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு
என்னிடம் கேட்டார்:
"நீ பார்த்திருப்பாய்தானே. கை எங்கே போகும்?"

துக்கம் விசாரிக்கிற குரல் இல்லை.
தச்சன் பலகைக்கு அளவு கேட்கிற குரல்.
அதனால் சொன்னேன்.

தொண்ணூறில், ஊறணிச் சந்தியில்,
என்ட மச்சான் சாமித்தம்பி
சைக்கிள் ஹாண்டிலை விடவேயில்லை.
விழுந்த பிறகும் பிரேக் இறுகித்தான் இருந்தது.
கரியரில் மீன் பை. அது கிழியவுமில்லை.

ஐந்தாம் தரம்
குடையை அவர் எறியவில்லை.
மடக்கினார். பிடியை இறுக்கினார்.
பஸ்ஸை விட்டவர் மாதிரி
ஒரு கணம் ரோட்டைப் பார்த்தார்,
குந்தினார், பக்கவாட்டில் சாய்ந்தார்.
ஒருத்தரும் கைதட்டவில்லை.
பாலத்துக்குக் கீழே தோணிக்காரன்
வீச எடுத்த வலையோடு நின்றான்.

படம் வந்தது. அந்த இடத்தில்
ஒரு தந்தி வருகிறது, துரை காலமானார் என்று.
அவ்வளவுதான்.

போன மாசியில், ஏதோ முதியோர் விடுதியில்,
நித்திரையில் போனாராம்.
செய்தியோடு போட்டிருந்த படம்
தலை போவதற்கு முந்தின ராசா.
கை எங்கே இருந்தது என்று
எழுதுவார்களா என்ன.

ஊறணியில் சிவப்பு விளக்குக்கு
பிரேக் பிடிக்கிற நேரமெல்லாம்
எனக்கு மச்சான் ஞாபகம் வரவேணும்.
வருவது
குடை.