புளிக்காத காடு

பெலூவுக்குப் போகலாம், புளியங்காடு என்று
வெள்ளிக்கிழமை மாலை கிளோதில் சொன்னாள்.
சனிக்கிழமை நான்கு மணிக்கு எழுந்து
புளிசாதம் கிளறிப் பொட்டலம் கட்டினேன்,
கொல்லன் தெருவுக்கு ஊசி கொண்டுபோகிறோம்
என்று தெரிந்தேதான்.

எல்-பூரில் வண்டியை நிறுத்திவிட்டு
இரண்டு மணி நேரம் ஏறினோம்.
செங்குத்து.
இரவல் வாங்கிய காலணிக்குள்
என் பாதம் தனியாக ஒரு நடை நடந்தது.
காரைக்காலில் முப்பது வருஷம்
மேடு என்றால் எனக்கு அரசலாற்றுப் பாலம்தான்.

உச்சியில் காடு
நிற்கவில்லை, படுத்திருந்தது.
எந்தப் புயலிலோ சாய்ந்த மரங்கள்
சாய்ந்த வாக்கிலேயே முதுகில் கிளைவிட்டு
அந்தக் கிளைகளும் மரமாகி
பாசியைப் போர்த்திக்கொண்டு,
ராத்திரி ஒருக்களித்துக் கிடந்து
அடுத்த அறைப் பேச்சைக் கேட்கிறவர்கள் போல.

கைக்கு எட்டிய இலையைக் கிள்ளி
வாயில் போட்டேன்.
"பறிக்கக் கூடாது, அபராதம்" என்றாள்.
அபராதத்துக்குரிய ருசி அதில் இல்லை.
புல் வாசம், கொஞ்சம் துவர்ப்பு.
"இது புளியே இல்லை."
"இல்லைதான். கீழே பார்."

சேற்றில் ஒரு கன்று.
எதிரெதிராய்ச் சின்னச் சின்ன இலை,
அப்படியே எங்கள் ஊர்ப் புளியங்கொழுந்து.
அதே காம்பில், ஒரு விரல் மேலே,
அடுத்த இலை அரிவாளாய் வளைந்திருந்தது.
கன்றைப் பார்த்துப் பெயர் வைத்தவன்
மரமாகும்வரை காத்திருக்கவில்லை போலும்.

எங்கள் பக்கம் புளியமரம் என்றால் பேய் உண்டு என்றேன்.
"இங்கேயும் உண்டு.
காப்பித் தோட்டத்திலிருந்து தப்பி ஏறியவர்கள்.
துப்பாக்கியோடு அவர்கள் பின்னால் ஏறியவர்கள்.
மழை நாளில்
எந்தக் காலடி யாருடையது என்று தெரியாது."
மழை தூறிக்கொண்டுதான் இருந்தது.

விளிம்பில், வெட்டிய மரங்களை இறக்கிய
கம்பிவடத்தின் சக்கரம்.
துரு தொட்ட விரலை அவள்
என் சட்டையில் துடைத்தாள்.
எட்டிப் பார்த்தேன்.
எல்-பூர் கூரைகள் அடியில் எங்கோ,
கொட்டிப்போன தீக்குச்சிகள்.
வயிற்றில் புளியைக் கரைத்தது.
இந்தக் காட்டில்
எனக்குக் கிடைத்த முதல் புளி.

நான் இந்தத் தீவுக்கு வந்ததே பெயர்களுக்காக.
சேன்-தெனியில், குளிரூட்டிய அறையில்,
கரும்புக்குக் கப்பலிறங்கியவர்களின் பதிவேடு.
எவனோ ஒரு குமாஸ்தாவின் காது கேட்டதை
அவன் அவசரமாய் எழுதிய பக்கங்கள்.
ஓரத்தில் நான் பென்சிலால்
சரியான தமிழ் எழுதுவேன்.
மாதச் சம்பளம்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது சொன்னேன்,
பரிசு கொடுக்கிறவளின் குரலில்:
"உன் சாவ்ரிமூத்து
உண்மையில் சவரிமுத்து."
அவள் ஒரு கவளம் வாயில் போட்டு
மெதுவாக மென்றாள்.
"அது உங்கள் பதிவேட்டில் இருக்கிற ஆள்.
கண்டால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.
பள்ளிக்கூடத்தில் சாவ்ரிமூத்து என்றால்தான்
நான் கை தூக்குவேன்."
பிறகு, "நன்றாகப் புளிக்கிறது, காரம் போதாது" என்று
தன் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.
மாங்காய்.
அதற்கு அவளும் அச்சார் என்றாள், நானும்.
யாரும் யாரையும் திருத்தவில்லை.

இறங்கும்போது பேச்சில்லை,
முழங்கால்தான் பேசியது.

திங்கட்கிழமை பென்சிலைச் சீவி வைத்தேன்.
பதினோரு மணிவரை சீவியபடியே இருந்தது.
மாலை, காலணியைத் திருப்பிக் கொடுக்கக் கழுவினால்
உள்ளே, குதிகால் பக்கம்,
சேற்றோடு ஒட்டிய ஓர் இலை.
வளைந்தது.

யாரும் பார்க்கவில்லை.
கழுவி
இன்னொரு தடவை வாயில் போட்டுப் பார்த்தேன்.