பெட்டிக்குள் பதினைந்து காசு

ஓலு நகரத்து நவம்பரில்
மூன்று மணிக்கே கடையைச் சாத்திவிடுகிறது வெளிச்சம்.
அடித்தளத்துச் சலவை அறையில்
இயந்திரம் சுற்றி முடிக்க ஐம்பது நிமிடம்.
அதற்குள் தீர்த்துவிடலாம் என்றுதான்
எடுத்தோம் இந்த வழக்கை:
எந்த விளையாட்டின் உலகம்
நடக்கிறவருக்கு நியாயம் செய்கிறது?

அன்ஸா கணக்குக்காரி.
மீன் ஆலையில் எடை குறிப்பவள்.
நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தாள்,
இந்தப் பக்கம் நடந்த தூரம்
அந்தப் பக்கம் கிடைத்த பொருள்.

அவள் உலகம் பெரியது.
குதிரையில் போனாலும்
ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு
ஒரு குவளைக் காப்பி ஆறிவிடும்.
வரைபடம் முழுக்க
அம்மை போட்டதுபோல் கேள்விக்குறிகள்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெட்டி,
ஒவ்வொரு பெட்டியிலும் பதினைந்து காசு,
இடுப்பில் இருப்பதைவிட மொண்ணையாய் ஒரு வாள்.
மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை,
அதுவும் முந்நூற்றுப் பன்னிரண்டு எலி.
"ஒன்றைக்கூட விடவில்லை," என்றாள்
பெருமையா வெட்கமா
பிரிக்க முடியாத குரலில்.

வெய்க்காவின் உலகத்தில் குறிகளே கிடையாது.
தூரத்தில் ஏதாவது தெரிந்தால் போகலாம்.
தெரியாவிட்டாலும் போகலாம்.
பனிப்பாறையில் நாற்பது நிமிடம் ஏறினானாம்.
இரண்டு முறை விழுந்து செத்தானாம்.
உச்சியில்
கடலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி.
பெட்டி இல்லை, காசு இல்லை,
கடலில்கூட ஒரு படகு இல்லை.
உட்காருவதற்கு ஒரு பொத்தான் மட்டும் இருந்தது.

"உட்கார்ந்தாயா?"
"உட்கார்ந்தேன்."
"எவ்வளவு நேரம்?"
"காகித ஆலையை மூடினார்களே, அந்த வாரம்,"
என்றான்.

சுழி போடப் போன அன்ஸா
பேனாவை எடுத்துக்கொண்டாள்.

என்னுடையது பழசு.
மரங்கள் அட்டையில் வெட்டியவை,
மனிதர்களுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு முகம்.
அங்கே ஒரு மாவரைப்பவன்.
மகன் வடக்கே போனவன் திரும்பவில்லை என்று
போகிற போக்கில் சொன்னான்.
தேடு என்று யாரும் சொல்லவில்லை.
பதினோரு விளையாட்டு நாள் கழித்து,
அருவிக்குப் பின்னால், ஒரு குகையில்
ஒரு ஜோடிக் காலணி,
பக்கத்தில் பாதி மாவோடு ஒரு மூட்டை.

சொல்வதற்காகத் திரும்பி நடந்தேன்.
அதற்கான வசனத்தை
யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.
"மாவு வேண்டுமா?" என்றான், எப்போதும்போல.
வாங்கினேன்.
அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வாங்குகிறேன்.
இன்றைக்கு என் பையில் நாற்பத்தொரு மூட்டை,
பாரத்தில் என்னால் ஓடக்கூட முடியாது.

"அது விளையாட்டின் குறை," என்றாள் அன்ஸா.
"வாங்கியது உன் குறை, துய்ரே," என்றான் வெய்க்கா.

இன்னும் முப்பது நிமிடம் இருந்தது.
பால் வாங்கக் கிளம்பினோம்.
நான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
இந்தத் தெருக்கள் எனக்கு
விடிகாலை மூன்று மணிக்கு,
கண்ணாடிக்கு வெளியே மட்டுமே பழக்கம்.
நடந்தால் வேறு ஊராக இருந்தது.

கரையோர வேலிக்கம்பில்
ஒரு சிவப்புக் கையுறை, குழந்தையுடையது.
விழுந்து கிடந்ததை யாரோ எடுத்து
கண்ணில் படும் உயரத்தில்
மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
இங்கே எல்லோரும் செய்வதுதான்.
நானும் செய்திருக்கிறேன்.
ஆனாலும் மூவரும் நின்றோம்.

"இதற்கு எத்தனை காசு?" வெய்க்கா கேட்டான்.
அன்ஸா பதில் சொல்லவில்லை.
கையுறைக்குள் சேர்ந்திருந்த பனியைத் தட்டிவிட்டு
வாய் கீழே பார்க்கும்படி
திருப்பி மாட்டினாள்.

திரும்பி வந்தபோது இயந்திரம் நின்றிருந்தது.
என் காலுறையில் ஒன்று குறைந்தது.
மூன்று பெரியவர்கள் மண்டியிட்டு,
கைப்பேசி வெளிச்சத்தில்,
இயந்திரத்துக்கு அடியில் தேடினோம்.

காலுறை இல்லை.
பத்து சென்ட் ஒன்று,
ஐந்து சென்ட் ஒன்று.

அன்ஸா எழுதிக்கொண்டாள்.