ஆரம்

கம்பெனிக்குத்தான் நான் வக்கீல்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு என்னைப் பற்றி
நல்லதாக எதையும் நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஓலைப்பெட்டி காப்பி, தலைமையகம் சென்னை,
கிளைகள் நூற்றுப்பத்து.
குளச்சல் கிளையை எடுத்தவள் பெல்சிட்டா.
உரிமைத் தொகை ஏழு லட்சம்.
ஷரத்து ஒன்பது:
கருப்பட்டித் தூளைக் கம்பெனியிடம் மட்டுமே வாங்க வேண்டும்.
அது ஓசூர்க் கிடங்கிலிருந்து லாரியில் வரும்,
வெள்ளிநிறப் பொட்டலத்தில்.

ஒரு மழைக்கு லாரி வரவில்லை.
இருபத்திரண்டு நாள்
திங்கள்சந்தையில் வாங்கிய கருப்பட்டியை
இடித்துப் போட்டிருக்கிறாள்.
வியாபாரம் கூடியிருக்கிறது.
அதுதான் காட்டிக்கொடுத்தது.
கணினியில் கோடு மேலேறுவதைப் பார்த்து
சென்னையில் ஒருவருக்குச் சந்தேகம்:
தூள் போகவில்லை, காப்பி மட்டும் எப்படிப் போகிறது?

நோட்டீஸ் நான்தான் அனுப்பினேன்.
அவள் பதில் அனுப்பவில்லை.
போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு
அதே அடுப்பில் அதே காப்பியை
பெயரில்லாமல் விற்றாள்.

நாகர்கோவில், மாவட்ட நீதிமன்றம்.
எதிர்த்தரப்புக்கு லிபின்ராஜ்.
இருபத்தேழாம் பிரிவை எடுத்து வீசினான்:
தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.
செல்லாதுதான், ஒப்பந்தம் முடிந்த பிறகு.
முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறதே என்றேன்.
அவ்வளவுதான் என் வாதம்.
இருபத்தோரு வருஷத் தொழிலில்
இவ்வளவு குறைவாகப் பேசி நான் ஜெயித்ததில்லை.

தடையுத்தரவைத் தமிழில் பெயர்த்தவனும் நானே:
"மேற்படி கடையை மையமாகக் கொண்டு
ஐந்து கிலோமீட்டர் ஆரத்துக்குள்
காப்பி, தேநீர், அவற்றை ஒத்த பானம் எதையும்..."

வராந்தாவில் வழிமறித்தாள்.
"ஆரம்னா களுத்துல போடுறதுல்லா சாரே?"

வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் என்று
காற்றில் விரலால் கோடிழுத்துக் காட்டினேன்.
கோட்டு அங்கி கையில் தடுக்கியது.

"எனக்க ஆரம் பேங்குல கெடக்கு.
ஏளு லெச்சத்துல அதும் உண்டு.
இப்போ கம்பெனிக்க ஆரம் எனக்க களுத்துல."
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கிற
அதே குரலில் சொன்னாள்.

வரைபடம் ஒன்று வேண்டும் என்றது கம்பெனி.
மகளின் பெட்டியிலிருந்து கவராயம் எடுத்தேன்.
பென்சில் கிழக்கே மண்டைக்காட்டைத் தொட்டது,
மேற்கே குறும்பனையை.
தெற்கே போனது,
போய்க்கொண்டே இருந்தது நீலத்தில்.
தடையில் பாதிக்குமேல் கடல்.
சென்னையிலும் கடல் உண்டு;
ஷரத்து எழுதியவர் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்.
வட்டம் முடிந்து கவராயத்தைத் தூக்கினால்
கடை இருந்த இடத்தில் ஓட்டை.

போன மாதம் ஒரு மின்னஞ்சல்.
விடியாத துறைமுகம், மங்கலான புகைப்படம்:
பெல்சிட்டாவின் தம்பி ததேயுஸ்,
அவனுடைய வள்ளம்,
வள்ளத்தில் எட்டு பிளாஸ்க்.
கடலில் வைத்து, வலை இழுப்பவர்களுக்கு,
டம்ளர் பதினைந்து ரூபாயாம்.
நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாமா,
தங்கள் கருத்துரை தேவை.

எழுதினேன்:

போடலாம்.
ஆனால் கடலில் கிலோமீட்டர்க் கல் நடுவதில்லை.
ஐந்தைத் தாண்டித்தான் ஊற்றினேன் என்று அவன் சொன்னால்
இல்லை என்று சொல்ல நமக்குச் சாட்சி வேண்டும்.
சம்பவ இடத்தில் இருந்த அனைவரும்
அந்தக் காப்பியைக் குடித்தவர்கள்.
தவிரவும், அலையில் ஆடும் கடைக்கு
மையம் எது என்ற கேள்வி எழும்;
அதற்கு முன்தீர்ப்பு எதையும் நான் காணவில்லை.

நிஜமாகவே தேடினேன்,
இரண்டு ராத்திரி.

கருத்துரைக் கட்டணம் ஏழாயிரத்து ஐந்நூறு.
பில் இணைப்பில்.