சின்ன மரக்கால்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள்.
செவ்வாய்க்குள் வேண்டும், படத்துக்கு இடம் விட்டு.
"வருவாய் கோர்ட்டில் வேலை, குத்தகைச் சட்டம் தெரியும்,
அந்தத் தெருவும்கூட" என்றார் செயலாளர்.
'அந்த' என்றபோது அவர் விரல்
வாய்க்காலுக்கு அப்பால் போய் வந்தது.

உருத்திராபதி.
நாற்பத்தெட்டில், பாமணியாற்றங்கரைக் களத்தில்
பண்ணையின் கொள்மரக்காலைக்
கோடாலியால் பிளந்தவர்.
கலத்துக்கு ஒரு மரக்கால் கூட விழுங்கும் மரக்கால் அது.
மலபார் போலீஸ் அவர் இடக்கையை எடுத்துக்கொண்டது.
வலக்கையால் மனு எழுதினார், ஜெயிலிலும்.
எங்கள் ரிக்கார்டு அறைக் கட்டுகளில்
இன்னும் இருக்கிறது அந்தக் கையெழுத்து.
தாளைப் பிடிக்க இன்னொரு கை இல்லாததால்
வரிகள் எல்லாம் வலப்பக்கம் வழுக்கிக் கிடக்கும்.

இதுவரை எழுதிவிட்டேன்.
இதுவரை யாரும் எழுதலாம்.

பண்ணையில் மரக்கால் இரண்டு.
வாங்கப் பெரிது, கொடுக்கச் சின்னது.
சின்னதை அவர் உடைக்கவில்லை.
குத்தகைக்காரர் கைக்கு நிலம் வந்த வருஷம்
அதுவும் கூட வந்தது.
அம்மா கருதறுத்த கூலியை
அதில்தான் வாங்கினாள், அவர் தம்பி களத்தில்,
அவர் வரப்பில் நிற்க.
தலைதட்டித்தான் அளந்தார்கள்.

கட்டுக்குள் ஒரு நோட்டு கிடைத்தது.
முன்பக்கம், குத்தகைக்குப் பதிந்த பெயர்கள்.
பின்பக்கம் எங்கள் தெரு. நாற்பத்தொரு பேர்,
வயதோடு, பெண்களும் சேர்த்து.
வேறெந்தப் பதிவேட்டிலும் அவர்கள் இல்லை, தேடிவிட்டேன்.
ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரே குறிப்பு:
அடுத்த போகம்.

தேதி ஐம்பத்திரண்டு, சித்திரை.
செத்தது எண்பத்தொன்றில்.
குறுவையும் தாளடியுமாய்க் கணக்குப் போட்டேன்,
ஐம்பத்தெட்டு போகம்.

ஏமாற்றினார் என்று எழுதி, அடித்தேன்.
ஏமாற்றுகிறவன் பெயர் எழுதி வைப்பானா?
மறந்தார் என்று எழுதினேன்.
மறந்தவர் நோட்டில் எதற்கு
அதே குறிப்பின்மேல் மூன்று வேறு மைகள்?

"கேட்டிருந்தா உடைச்சிருப்பாரு, நல்ல மனுஷன்"
என்றாள் அம்மா, மருந்து அட்டையைப் பிரித்தபடி.
ஒரு மாத்திரை. தண்ணீர்.
"கேட்டோம்" என்றாள்.

படத்துக்கு விட்ட இடத்தில்
நாற்பத்தொரு பெயரையும் எழுதி அனுப்பினேன்.
முப்பத்தேழாவது: அஞ்சலை, வயது பன்னிரண்டு.
ராத்திரியே போன் வந்தது.
"அப்ப தலைவர் படத்தை எங்கம்மா போடுறது?"

சின்னதாய்ப் போடலாம் தோழர்,
ஓரத்தில் இடம் இருக்கிறது.